மஜ்ஜை மாற்றிய பிள்ளைக்குப் பல் தேய்க்கலாமா?

பல் டாக்டர் பதில்கள்

பல் வெண்மையாக என்ன செய்வது, வாய் நாற்றம் போக என்ன செய்வது என்ற கேள்விகளை இந்த இதழில் ஒதுக்கி வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். ரத்தம் ஊறும் இடமான எலும்பு மஜ்ஜையை மாற்றும் சிகிச்சை செய்துகொண்ட பிள்ளைகளின் பெற்றோரிடமிருந்து கடிதங்கள் சேர்ந்துவிட்டன. 1986-ல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தச் சிகிச்சை தொடங்கிய காலத்தில் அது செய்தித்தாளில் படித்து வியக்கிற சங்கதி. இன்று முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிய பரம்பரை நோயான தலசீமியாவும் ரத்தப் புற்றுநோயும் வந்த பிள்ளைகள் பிழைத்து, பள்ளிக்கூடம் போய், மீசை முளைக்கும் வயதுக்கு வருகிறார்கள். அதனால்தான் அவர்களுடைய பல் என் மேஜைக்கு வருகிறது. சந்தோஷமான தொந்தரவு.

என் மகளுக்கு ஏழு வயது. தலசீமியா. அண்ணனின் மஜ்ஜையை ஏற்றி ஐந்து மாதம் ஆகிறது. இப்போது ரத்தம் ஏற்றுவதே இல்லை. ஆனால் ஈறு வீங்கிப் பல்லை மூடிக்கொண்டு வருகிறது. பிரஷ் பட்டு ரத்தம் வந்தால் கிருமி உள்ளே போய்விடுமோ என்று துணியால் மட்டும் துடைத்து விடுகிறேன். கடைவாயில் இரண்டு பால்பல் சொத்தை. ஊர் பல் டாக்டர் கைவைக்க மாட்டேன் என்று அனுப்பிவிட்டார். பால்பல்தானே, விட்டுவிடலாமா?
– ஒரு தாய், பாலக்கோடு

முதலில் பிரஷ் விஷயம். இன்று ராத்திரியே தேய்த்து விடுங்கள் அம்மா. ஈறில் ரத்தம் வருவது நீங்கள் தேய்ப்பதால் அல்ல, தேய்க்காமல் விட்டதால். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் படியும் அழுக்கில்தான் கிருமி குடியிருக்கிறது. துணியால் துடைத்தால் பல்லின் மேல்பக்கம் பளபளக்கும், அந்த இடுக்கு அப்படியே இருக்கும். வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும் நாட்களில்கூட மென்மையான பிரஷ்ஷால் தேய்ப்பதை விடக் கூடாது என்பதுதான் குழந்தைகள் பல் மருத்துவத்தில் இன்றைய வழிகாட்டல். எண்ணிக்கை ஏறி வீட்டுக்கு வந்துவிட்ட பிள்ளைக்கு எதற்குப் பயம்? ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் மறுபடி மிகவும் குறைந்திருப்பதாக மருத்துவமனையில் சொன்னால் மட்டும் அவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்படித் தேய்ப்பது? கடையில் 'எக்ஸ்ட்ரா சாஃப்ட்' என்று கேட்டு, தலை சின்னதாக இருக்கும் பிரஷ் வாங்குங்கள். வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் இன்னும் இளகும். நீங்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பிள்ளையின் தலையை மடியில் வைத்துக்கொண்டால் உள்வாய் முழுவதும் தெரியும். பிரஷ்ஷை ஈறு ஓரத்தில் லேசாகச் சாய்த்து வைத்து, அங்கேயே சின்னச் சின்னதாக அசையுங்கள். இழுத்துத் தேய்க்க வேண்டாம். ஃப்ளோரைடு இருக்கும் பேஸ்ட், பட்டாணி அளவு போதும். அட்டையில் 1000 பிபிஎம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். குழந்தைப் படம் போட்ட பேஸ்ட் எல்லாவற்றிலும் அவ்வளவு இருப்பதில்லை. முதல் மூன்று நான்கு நாள் ரத்தம் வரும். பயந்து நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ஒரு வாரம் விடாமல் தேய்த்தும் ரத்தம் குறையவில்லை என்றால், அல்லது தானாகவே கசிகிறது என்றால், மாற்று சிகிச்சை செய்த மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

அடுத்தது வீக்கம். நீங்கள் எழுதியிருக்கும் மருந்துப் பட்டியலில் சைக்ளோஸ்போரின் இருக்கிறது. ஈறை வளர விடுவது அந்த மருந்தின் பழைய குணம். கூடவே ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் வேறு கொடுக்கிறார்கள். அதற்கும் அதே குணம். இரண்டும் சேர்ந்தால் வீக்கம் கூடும், அழுக்கும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மருந்தை நிறுத்தும் நாள் வரும்போது ஈறு மெல்ல இறங்கும். அதற்காக நீங்களாக ஒரு வேளை மருந்தைக்கூட விட்டுவிடாதீர்கள். அண்ணனின் மஜ்ஜை தங்கச்சியின் உடம்போடு சண்டை போடாமல் இருப்பதே அந்த மருந்தால்தான். அழுத்த மாத்திரையை மாற்ற முடியுமா என்று கேட்பதில் தப்பில்லை.

இனி சொத்தை. பால்பல்தானே என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். கடைவாய்ப் பால்பல் பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியது. எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருக்கும் பிள்ளைக்கு ஒரு சொத்தைப் பல் சீழ் பிடித்தால் அது வாயோடு நிற்காது.

மாற்று சிகிச்சைக்குப் பிறகு அவசரமில்லாத பல் வேலைகளைக் குறைந்தது 100 நாளாவது தள்ளி வைப்பது வழக்கம். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து தொடர்ந்தால் அதற்கு மேலும் தள்ளுவோம். உங்கள் ஊர் டாக்டர் தயங்கியதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கடிதம் வாங்கி வரச் சொல்லாமல் வெறுங்கையோடு அனுப்பியது சரியில்லை. மருத்துவமனையில் சமீபத்திய ரத்தப் பரிசோதனையும், இப்போது சாப்பிடும் மருந்துகளும், பல் சிகிச்சை செய்யலாமா என்பதும் எழுதி வாங்கிக்கொண்டு, பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் குழந்தைகள் பிரிவுக்குப் போங்கள். டிரில் போடாமலே நிறையச் செய்யலாம். சில்வர் டையமைன் ஃப்ளோரைடு என்று ஒரு சொட்டு மருந்து. சொத்தையில் தடவினால் அது அந்த இடத்திலேயே நின்றுவிடும். பல் கறுப்பாகும், அது மட்டும்தான் குறை. கடைவாய்ப் பல்லை யார் பார்க்கப் போகிறார்கள்! வாயில் புண் இருக்கும் நாளில் மட்டும் வேண்டாம். கைக்கருவியால் சுரண்டி, கிளாஸ் அயனோமர் சிமெண்டால் அடைப்பதும் உண்டு.

அதுவரை பல் வலி வந்தால் வீட்டில் இருக்கிறதே என்று ஐபுப்ரோஃபென் சிரப் ஊற்றிவிடாதீர்கள். சைக்ளோஸ்போரினோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆகாது. பாராசிட்டமால் கொடுக்கும் முன்பும் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். காய்ச்சல் இருந்தால் அதை மருந்து மறைத்துவிடும். காய்ச்சல் என்றால் நேரே மருத்துவமனைக்குத்தான். பல் டாக்டர் எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் வகை ஆன்டிபயாடிக் எழுதினால் சைக்ளோஸ்போரின் சாப்பிடுவதை அவரிடம் நினைவுபடுத்துங்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்தத்தில் சைக்ளோஸ்போரின் அளவு ஏறிவிடும்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். பிழைத்து வந்த பிள்ளை என்று கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுக்கிறீர்களா? பாலில் சத்துப் பவுடர், இடையில் கிரீம் பிஸ்கட், படுக்கும்போது ஒரு மிட்டாய்? நான் பார்க்கும் மாற்று சிகிச்சைப் பிள்ளைகளில் பாதிச் சொத்தைக்கு மருந்து காரணமில்லை, பாசம்தான் காரணம். அப்புறம் பூஞ்சைக்குக் கொடுக்கும் நிஸ்டாடின் உட்பட நிறைய சிரப்புகளில் சர்க்கரை இருக்கிறது. நிஸ்டாடின் வாயில் தங்கினால்தான் வேலை செய்யும், உடனே கழுவக் கூடாது. அரை மணி கழித்துத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லுங்கள். ராத்திரி வேளையை மட்டும் படுக்கும் நேரத்துக்குத் தள்ளாமல் கொஞ்சம் முன்னாலேயே கொடுத்துவிட்டு, பல் தேய்ப்பதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. மூன்று வயதில் ரத்தப் புற்றுநோய்க்கு உடம்பு முழுக்கக் கதிர்வீச்சு கொடுத்து மஜ்ஜை மாற்றினார்கள். இப்போது நோய் இல்லை. கீழ்த்தாடையில் பால்பல் இரண்டு விழவே இல்லை. முன்பல் தூக்கி இருக்கிறது, பசங்க கிண்டல் செய்கிறார்கள். கம்பி போடலாமா? இவ்வளவு நாள் யாரும் பல்லைப் பற்றிச் சொல்லவில்லையே!
– ஒரு தந்தை, அருப்புக்கோட்டை

சொல்லியிருக்க வேண்டும் சார். உயிர் நிற்குமா என்று பார்க்கும் நேரத்தில் பன்னிரண்டு வயதில் முளைக்க வேண்டிய பல்லைப் பற்றிப் பேச யாருக்கும் தோன்றாது. ஆனால் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கலாம்.

நடந்தது இதுதான். நிலைப்பற்கள் முளைப்பதற்குப் பல வருஷம் முன்பே தாடைக்குள் உருவாக ஆரம்பிக்கின்றன. முதல் கடைவாய்ப்பல் பிறக்கும் நேரத்தில் தொடங்கி, அதன் தலைப்பாகம் மூன்று வயதுக்குள் முடிந்துவிடும். இரண்டாம் முன்கடைவாய்ப்பல் இரண்டு, இரண்டரை வயதில்தான் ஆரம்பிக்கும். இரண்டாம் கடைவாய்ப்பல் மூன்றை ஒட்டி. உங்கள் மகனுக்குக் கதிர்வீச்சும் கீமோ என்கிற வீரிய மருந்தும் போனது சரியாக அந்த வயதில். அடித்தளம் போட்டதும் சிமெண்ட் நின்றுபோன கட்டடத்தின் கதை மாதிரிதான். ஆரம்பிக்காத பல் வராமலே போகும், ஆரம்பித்த பல் குட்டியாக வரும், தலை முடிந்த பல்லுக்கு வேர் குட்டையாக நின்றுவிடும். மூன்று, நான்கு வயதுக்குள் மாற்று சிகிச்சை செய்த பிள்ளைகளிடம் இதை அதிகம் பார்க்கிறோம். உங்கள் பராமரிப்பில் குறை ஒன்றும் இல்லை.

இப்போது தேவை ஓ.பி.ஜி. என்கிற முழுத்தாடை எக்ஸ்ரே. இந்தப் பிள்ளைக்கு மறுபடியும் கதிரா என்று சம்சாரம் பயப்படுவார். அன்று கொடுத்ததற்கும் இதற்கும் ஒப்பீடே கிடையாது, எடுத்துவிடுங்கள். படம் கையில் வந்ததும் பால்பல்லுக்குக் கீழே ஒன்று இருக்கிறதா என்று டாக்டரைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எலும்பு தெரிந்தால், விழாத அந்தப் பால்பல் பொக்கிஷம். யாராவது அவசரப்பட்டுப் பிடுங்கச் சொன்னால் கேட்காதீர்கள். கீழேயிருந்து முட்டித் தள்ள வேறு பல் இல்லாததால், நன்றாகப் பார்த்துக்கொண்டால் அது இருபது வயதைத் தாண்டியும் நிற்கக் கூடும். பிறகு முன்கடைவாய் வேர்களைப் பாருங்கள். நீளம் குறைந்து நுனி கூம்பியிருக்கும்.

கம்பி விஷயத்தை அந்த வேர்தான் முடிவு செய்யும். சிகிச்சை முழுக்க முடிந்து நோய் திரும்பாமல் இரண்டு வருஷம் ஆகியிருந்தால் கம்பி போடலாம் என்பது பொதுவிதி. உங்கள் மகன் அதைத் தாண்டிவிட்டான். ஆனால் குட்டை வேர்ப் பல்லை இழுத்தால் வேர் இன்னும் கரையும், பல் ஆட ஆரம்பிக்கும். அதனால் குறைவான விசை, குறைவான காலம், குறைவான ஆசை. எல்லாப் பல்லையும் வரிசையில் நிறுத்த முயலாமல், கிண்டலுக்குக் காரணமான முன்பல்லை மட்டும் சரிசெய்து நிறுத்திக்கொள்ளும் டாக்டர் கிடைத்தால் அவர்தான் நல்ல டாக்டர். நடுநடுவே எக்ஸ்ரே எடுத்து வேரைப் பார்க்க வேண்டும். குட்டிப் பல்லைப் பல் நிறக் காம்போசிட்டால் பெரிதாக்கலாம், ஒரே நாள் வேலை. தாடை எலும்பில் திருகிப் பொருத்தும் இம்ப்ளாண்ட் பல் என்று யாராவது விலை சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். தாடை வளர்ந்து முடியும் வரை அந்தப் பேச்சே கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பையனிடமே சொல்லிவிடுங்கள். மஜ்ஜை மாற்றியவர்களுக்குப் பிற்காலத்தில் வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். பெட்டிக் கடையில் தொங்கும் பாக்குப் பொட்டலம் மற்ற பிள்ளைகளுக்கே விஷம். இவன் அந்தப் பக்கமே போகக் கூடாது. வருஷம் ஒருமுறை நாக்கின் ஓரம், நாக்குக்கு அடி, கன்னத்தின் உள்பக்கம் எல்லாம் பார்த்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எச்.பி.வி. வைரஸுக்கு எதிரான தடுப்பூசி பற்றி ரத்த நோய் டாக்டரிடம் கேளுங்கள். ஆண் பிள்ளைக்கும் அது உண்டு.

பேரனுக்குப் பத்து வயசு. அக்காவோட மஜ்ஜையை வச்சு ஒண்ணரை வருஷம் ஆச்சு. கொஞ்ச நாளா ரசம்கூட எரியுதுங்கிறான். கன்னத்துக்குள்ள வெள்ளைக் கோடு கோடா இருக்கு. மணத்தக்காளிக் கீரை சமைச்சுக் கொடுக்கிறேன், தேன் தடவினேன், படிகாரத் தண்ணியில கொப்பளிக்க வச்சேன். வயித்துப் புண்ணா இருக்குமோ?
– ஒரு பாட்டி, கும்பகோணம்

வயிற்றுப் புண் இல்லை அம்மா. இது ஜி.வி.எச்.டி.யாக இருக்கலாம். அக்காவிடமிருந்து வந்த அணுக்கள் தம்பியின் உடம்பை அந்நியம் என்று நினைத்துத் தாக்குவதற்கு அந்தப் பெயர். தோல், கண், ஈரல் எதிலும் வரலாம். வாயில் வருவது ரொம்பச் சகஜம்.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். செல்போன் டார்ச்சை அடித்து, சுத்தமான ஈரத் துணியை விரலில் சுற்றி, வெள்ளையை மெல்லத் துடையுங்கள். தயிர் ஏடாக வழித்துக்கொண்டு வந்து, அடியில் சிவப்பாகத் தெரிந்தால் அநேகமாகப் பூஞ்சை. எவ்வளவு துடைத்தாலும் போகாமல் வலை பின்னினாற்போல் கோடுகள் நின்றால் ஜி.வி.எச்.டி. என்று சந்தேகப்படலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கும். மேலண்ணத்தில் சாப்பிடும்போது சின்னக் கொப்புளம் எழும்பித் தானாக உடைகிறதா என்றும் கேளுங்கள், அதுவும் ஜி.வி.எச்.டி.யின் ஒரு அடையாளம், பயமில்லை. வாயைப் பெரிதாகத் திறந்து அவனுடைய மூன்று விரலை ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கச் சொல்லுங்கள். முன்பு போய், இப்போது போகவில்லை என்றால் தோல் இறுகுகிறதோ என்று பார்க்க வேண்டும். எதுவானாலும் அடுத்த செக்கப் வரட்டும் என்று இருக்காமல் இந்த வாரமே மாற்று சிகிச்சை டாக்டருக்குச் சொல்லிவிடுங்கள். வாயில் தெரிவது மற்ற இடத்தில் வருவதற்கு முன்னறிவிப்பாகவும் இருக்கலாம்.

ஸ்டீராய்டு கலந்த கொப்பளிக்கும் மருந்தோ ஜெல்லோ கொடுப்பார்கள். டெக்ஸாமெதசோன் என்று எழுதியிருக்கும். வாயில் விட்டு உடனே துப்பினால் பயனில்லை. நாலைந்து நிமிஷம் வாயிலேயே வைத்திருந்து, துப்பி, அப்புறம் அரை மணி எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். பத்து வயசுப் பையன் சும்மா இருப்பானா? ஒரு பாட்டு முடியும் வரை என்று பழக்குங்கள். விழுங்கக் கூடாது.

உங்கள் கைவைத்தியத்துக்கு வருகிறேன். மணத்தக்காளிக் கீரையைக் காரமில்லாமல் பருப்போடு கடைந்து கொடுத்தால் தாராளமாகச் சாப்பிடட்டும். சாப்பாடாக அது நல்லதுதான், மருந்தாக எண்ண வேண்டாம். படிகாரத்தை நிறுத்துங்கள், எரிகிற இடத்தை அது இன்னும் வறட்டும். தேனும் வேண்டாம், எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைக்குச் சுத்திகரிக்காத தேன் ஆகாது, பல்லுக்கும் ஆகாது. கஷாயம், லேகியம் எதையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரினோ டாக்ரோலிமஸோ சாப்பிடுகிறான் என்றால் பம்பளிமாஸ் பழமும் கூடாது. மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும். பச்சைப் புதினா வாசனை அடிக்கும் பேஸ்ட்டும் எரியும், மிதமான சுவை உள்ளதாக மாற்றுங்கள். ரசத்தில் மிளகாயும் மிளகும் புளியும் குறைத்து, ஆறவைத்து, சோற்றில் நெய் விட்டுக் கொடுங்கள். வாய் காய்ந்திருந்தால் அடிக்கடி ஒரு வாய் தண்ணீர். இரண்டு வாரமாகியும் ஆறாத புண் ஒரே இடத்தில் இருந்தால், சின்னதாக வெட்டியெடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுவார்கள். மறுக்காதீர்கள்.

அடுத்த மாதம் என் ஐந்து வயது மகனுக்கு மாற்று சிகிச்சை. அதற்கு முன் பல்லில் என்ன செய்துகொள்ள வேண்டும்?
– சேலம் வாசகி

நீங்கள் நேரத்தோடு கேட்டிருக்கிறீர்கள், வாழ்க. இந்த வாரமே காட்டுங்கள். பிடுங்க வேண்டிய பல் இருந்தால் மஜ்ஜை மாற்றுவதற்கு முன் கொடுக்கும் வீரிய மருந்து தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்பே பிடுங்கினால் நல்லது. குறைந்தது 10 முதல் 14 நாளாவது ஆற விட வேண்டும். ஆடும் பால்பல்லையும் எடுத்துவிடுவோம். நரம்பு வரை போன பால்பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து காப்பாற்றலாமா என்று கேட்பார்கள். சாதாரணப் பிள்ளைக்கு நானும் அதைத்தான் செய்வேன். இவனுக்கு வேண்டாம், பிடுங்கிவிடுவதுதான் என் கட்சி. வெள்ளை அணு இல்லாத வாரத்தில் அது பழுத்தால் தாங்காது.

மருந்து தொடங்கி ஒரு வாரம் வாக்கில் வாய் வெந்து புண்ணாகும். அடுத்த வாரம் அதிகமாகும், எச்சில் விழுங்கவே அழுவான். புது மஜ்ஜை வேலை செய்ய ஆரம்பித்து அணுக்கள் ஏறியதும் ஆறும். மெல்ஃபலான் என்ற மருந்து கொடுக்கும்போது மட்டும் வாயில் ஐஸ் துண்டு வைத்திருந்தால் புண் குறையும். மருந்து ஏறும் நேரத்தில் வாய்க்குள் ரத்த ஓட்டம் சுருங்குவதால் மருந்து அங்கே குறைவாகப் போகிறது. மெல்லிய லேசர் ஒளி காட்டும் வசதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். வலிக்கு மார்ஃபின் கொடுத்தால் பயப்பட வேண்டாம். புண் நாட்களில் ஸ்பாஞ்ச் குச்சி கொடுப்பார்கள். ஈரப்படுத்த அது போதும், பல்லைச் சுத்தம் செய்யாது. முடிந்த நாளெல்லாம் பிரஷ்தான். புது பிரஷ் இரண்டு வாங்கிப் பையில் வையுங்கள். மௌத்வாஷ் என்றால் ஆல்கஹால் இல்லாதது.

அண்ணன் மஜ்ஜை கொடுத்தான். அவன் பல்லுக்கு ஏதாவது ஆகுமா? இன்னொன்று, என் மகள் கேட்கிறாள்: 'எனக்கும் அண்ணன் மாதிரி எத்துப்பல் வந்துடுமா?'
– பாலக்கோடு தாய் மறுபடி

அண்ணனுக்கு ஒன்றும் ஆகாது. அவனுக்கு எந்த வீரிய மருந்தும் கொடுக்கவில்லை, எடுத்த மஜ்ஜையும் சில வாரங்களில் ஊறிவிடும். அவளுக்குச் சொல்லுங்கள்: ரத்த குரூப் அண்ணனுடையதாக மாறும், கன்னத்துக்குள் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துச் சோதித்தால் அண்ணனுடைய டி.என்.ஏ.கூடக் கலந்து வரும், எத்துப்பல் மட்டும் வராது. அவள் பல் வரிசை அவளுடையதுதான். அண்ணனையும் பல் டாக்டரிடம் காட்டி ரொம்ப நாள் ஆகியிருக்கும். பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள், வரிசையில் நிற்பது எப்படியும் ஒரு தடவைதான்.